தேடிக் கிடைத்த திண்ணை

புதிய ஊரில் வீடு பார்ப்பது அத்தனை கடினமன்று. வாடகை கட்டுப்படியாகுமா, வேலைக்குப் போக வசதியா, வெயிலும் வெளிச்சமும் உள்ளே வருமா என்று நாலைந்து கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். அவ்வூரில் நாம் உட்கார ஓர் இடம் பார்ப்பதுதான் கடினம். அழைப்பு இல்லாமல் போகலாம், காரணம் சொல்லாமல் இருக்கலாம், மனம் வந்தபோது எழுந்து வரலாம் என்ற உரிமையுள்ள இடத்தையே நான் குறிப்பிடுகிறேன். நம்முடைய ஊர்களில் இதனை யாரும் தேடி அலைவதில்லை. அஸருக்குப் பின் பள்ளிவாசல் ஹவுளுக்கரை இருக்கிறது; இஷாவுக்குப் பின் தெருமுனை டீக்கடை இருக்கிறது; பெண்களுக்கு உள்முற்றமும் கொல்லை வழிப் பேச்சும் இருக்கின்றன. பிறந்த அன்றே கைக்கு வந்துவிட்ட சொத்தாதலால் அதன் பெறுமதியை நாம் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

அதைக் கணக்கிட்டுப் பார்த்தவர் ரே ஓல்டன்பர்க் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர். 1989இல் வெளிவந்த தம் நூலில் அவர், மனிதனுக்கு வீடு முதல் இடம், தொழில் செய்யும் இடம் இரண்டாவது இடம், இரண்டும் அல்லாத மூன்றாவது இடம் ஒன்றும் தேவை என்று விளக்கினார். அங்கே பெரியவர் சிறியவர் என்ற வரிசை கிடையாது. பேச்சுத்தான் முக்கிய அலுவல். நாள்தோறும் வருகிறவர்களே அந்த இடத்தின் அலங்காரம். பிரான்சின் காப்பிக்கடையையும் இங்கிலாந்தின் ‘பப்’பையும் அவர் இதற்குச் சான்றாகக் காட்டினார்.

இந்த இரண்டாவது சான்றுதான் என்னைச் சிக்கலில் மாட்டிவைத்தது.

2014இல் லண்டனை விட்டு வடக்கு யார்க்‌ஷயரில் ஒரு மலைப்பள்ளத்தாக்குக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தோம். பக்கத்துச் சந்தைநகரின் மருந்தகத்தில் எனக்கு வேலை. கிராமத்தில் 300 பேர்கூட இல்லை. அதுவரை நாங்கள் 16 ஆண்டுகள் வாழ்ந்த ஈஸ்ட் ஹாமில் இடியாப்பமும் கிடைக்கும், ஹலால் இறைச்சியும் கிடைக்கும். தமிழில் சண்டை போடவும் ஆள் கிடைக்கும். புதிய ஊரிலோ ஒரு தேவாலயம், ஒரு புல்வெளித் திடல், கல்வேலிகளுக்கு அப்பால் ஆடுகள், அவ்வளவுதான். ஜும்ஆவுக்கு 30 மைல் போகவேண்டும். மகன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். காலையில் நான் காரில் ஏறிச் சென்றால் மாலை வரை என் மனைவி பேசுவதற்குச் சன்னலோரத்துக் குருவிதான் துணை. “என்னங்க, இன்னைக்கு முழுக்க என் குரல் எனக்கே கேக்கலைங்க” என்று ஒருநாள் மாலை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஊரார் கூடும் இடம் எது என்று விசாரித்தேன். கேட்ட ஒவ்வொருவரும் பப்பைத்தான் கைகாட்டினார்கள். ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கமே பப். பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட வீடு என்று பொருள். மதுவடித்து விற்ற வீட்டுக்காரர்கள் தம் முன்கூடத்தை ஊராருக்கு விட்டதிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. 1830ஆம் ஆண்டுச் சட்டம், வரி செலுத்துகிறவர் எவரும் இரண்டு கினி கட்டி பீர் விற்கும் உரிமம் பெறலாம் என்று அனுமதித்தபின் இவ்வகை வீடுகள் ஆயிரக்கணக்கில் பெருகின. கல்யாணப் பேச்சும் காளை விலையும் ஊர்ச்சண்டையும் சமாதானமும் அங்கேயே நடந்தன. மது அங்கே விற்கும் சரக்கு. மக்கள் தேடிப் போனதோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது எளிது. ஆனால் மதுவைத் தொடாத, மது பரிமாறும் விரிப்பிலே உட்காரவும் கூடாது என்று கேட்டு வளர்ந்த ஒரு குடும்பம் என்ன செய்வது?

என் மனைவிக்கு அதில் ஐயமே இல்லை. நாங்கள் வடக்கே வந்த அன்று, வழியிலுள்ள ஒரு நகரத்தில் தலைப்பாகையும் மீசையுமாக ஒரு தலையைத் தீட்டியிருந்த பலகையைப் பார்த்திருந்தாள். “இது யார் தலைங்க?” என்று கேட்டாள். ‘சரசனின் தலை’ என்பது அந்நாட்டில் பழகிப்போன பப் பெயர்களில் ஒன்று. சரசன் என்பது சிலுவைப்போர்க் காலத்து ஐரோப்பியர் முஸ்லிம்களுக்கு வைத்த பெயர். 1393இல், மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் ஆட்சியில், மது விற்கும் வீடுகள் அடையாளப் பலகை மாட்டவேண்டும் என்று விதியாயிற்று. எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் கண்டுகொள்ள வேண்டுமே! அதனால் சிங்கமும் கிரீடமும் தீட்டினார்கள். போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ் 1651இல் ஒளிந்திருந்த ஓக் மரமும் பின்னாளில் பலகையேறியது. அந்த வரிசையில் நம் முன்னோர் தலையும் தொங்குகிறது. நான் சொல்லி முடித்ததும் அவள், “தலையை வெட்டித் தொங்கவிட்ட வீட்டுக்கு நாம விருந்தாளியா?” என்று ஒரே வரியில் வழக்கைத் தீர்த்துவிட்டாள்.

ஆயினும் பார்த்துவரத் தடையில்லை அல்லவா? எங்கள் சுற்றுவட்டாரத்தில் மூன்று பப்கள் இருந்தன. முதலாவது பெருஞ்சாலை ஓரத்தது. சுவரெல்லாம் தொலைக்காட்சி, பந்தாட்டக் கூச்சலில் பக்கத்திலிருப்பவர் பெயரைக்கூடக் கேட்டறிய முடியாது. இரண்டாவது, வெள்ளை விரிப்பும் வெள்ளிக் கரண்டியுமாக உணவகமாக மாறிவிட்டது. முன்பதிவு செய்துகொண்டு வெளியூரார் வந்து போவார்கள். ஊர்க்காரர் ஒருவரும் அங்கே தென்படவில்லை. மூன்றாவது எங்கள் திடலின் மூலையிலேயே இருந்தது. தாழ்ந்த கூரை, கரி படிந்த கணப்பு, பலகையில் மழையில் நனைந்து மங்கிய ஓர் ஆடு. வாசலில் மட்டும் அதற்குப் பொருந்தாத ஓர் அறிவிப்பு: செவ்வாய், வியாழன் காலைகளில் இங்கே அஞ்சல் சேவை உண்டு.

கிராமத்து அஞ்சலகமும் மளிகைக்கடையும் அந்நாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு வருகின்றன. அவை போனபின் எஞ்சி நிற்கும் ஒரே பொதுக்கூரை பல ஊர்களில் பப்தான். ஆகவே அஞ்சல், மளிகை, நூலகம் முதலியவற்றைப் பப்பின் கூரைக்குக் கீழே கொண்டுவர உதவும் அமைப்பு ஒன்று 2001இல், அப்போது இளவரசராக இருந்த சார்லஸின் முயற்சியால் தொடங்கப்பட்டது. இதில் புதுமை என்று சொல்லவும் முடியாது. நமது பீகாரின் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல், 1946 பிப்ரவரியில் லண்டன் நாளேடு ஒன்றில் தம் மனத்துக்குப் பிடித்த பப்பை வருணித்திருக்கிறார். இரைச்சல் இல்லாத, பணிப்பெண்களுக்கு வருகிறவர் பெயர் தெரிந்த, தலைவலி மாத்திரையும் தபால்தலையும் கூட விற்கிற இடம் அது. ஆனால் அப்படி ஒன்று உண்மையில் இல்லை என்று கட்டுரையின் முடிவில் கையை விரித்துவிடுவார். அவர் இல்லையென்று சொன்ன தபால்தலை எங்கள் ஊர் மூலையில் கிடைத்தது.

ஊரிலிருக்கும் உம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்பவேண்டியிருந்தது. விடுமுறை நாளொன்றில், செவ்வாய்க்கிழமை காலை, அந்தப் பொதியோடு உள்ளே போனேன். மதுக்குழாய்கள் துணியால் மூடப்பட்டிருந்தன. ஒரு மூலையில் அஞ்சல் மேசை. கணப்பருகே ஆறேழு பேர் காப்பி அருந்திக்கொண்டிருந்தார்கள். கிழவர் ஒருவரின் காலடியில் ஆடு மேய்க்கும் நாய் ஒன்று தூங்கிற்று. நடத்துகிற அம்மையார் பொதியிலிருந்த முகவரியைப் படித்துவிட்டுக் காயல்பட்டினம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கடலோரம் என்றேன். ‘பட்டினம்’ என்றால் என்ன என்று கேட்டார் கிழவர். இப்படித் தொடங்கிய பேச்சு ஒரு மணி நேரம் நீண்டது.

அந்நாட்டார் பழக்கவழக்கங்களை ஆராய்ந்த கேட் ஃபாக்ஸ் என்பவர் 2004இல் வெளியிட்ட நூலில், முன்பின் தெரியாதவரோடு ஆங்கிலேயர் கூச்சமின்றிப் பேசத் தொடங்கும் மிகச் சில இடங்களில் பப்பின் பரிமாறும் மேடை ஒன்று என்கிறார். தெருவில் இரண்டு மாதம் தலையசைப்போடு நின்ற மனிதர்கள் அங்கே ஒரே காலையில் தங்கள் மூட்டுவலி, மருமகள், மழைக்கணக்கு அனைத்தையும் என்னிடம் ஒப்படைத்தார்கள். அங்கே ஒரு முறையும் உண்டு. ஒருவர் எழுந்தால் எல்லாருக்கும் சேர்த்து வாங்கி வருவார். அடுத்தது அடுத்தவர் முறை. தன் முறையைத் தட்டிக்கழிப்பவனை ஊர் மறப்பதில்லை. காலை நேரத்தில் அம்முறை காப்பியில் ஓடிற்று. ஆகவே என் முறையை நானும் மனச்சுத்தியோடு நிறைவேற்ற முடிந்தது. காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, மதுக்குழாய்கள் மூடியிருக்கும் நேரம் மட்டுமே என் நேரம் என்று அன்றே வரையறுத்துக்கொண்டேன். மாலையில் ஏன் வருவதில்லை என்று கேட்டார்கள். சொன்னேன். அதன்பின் ஒருவரும் கேட்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை.

“உங்கள் ஊரில் காப்பியா, தேநீரா?” என்று ஒருமுறை அந்த அம்மையார் கேட்டபோது, அவர் கையிலிருந்த கோப்பையின் கதையைச் சொன்னேன். 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு ஸூஃபிகள் இரவு திக்ருக்கு விழித்திருக்க அருந்திய பானம் அது. 1511இல் மக்காவின் அதிகாரி கைர் பேக், காப்பிக்காகக் கூடுகிறவர்களைக் கண்டு அஞ்சி அதைத் தடைசெய்தார். கெய்ரோவிலிருந்த ஆட்சி அத்தடையை நிலைக்கவிடவில்லை. லண்டனில் முதல் காப்பிக்கடை 1652இல் வந்தது. அங்கே கூடிப் பேசுவோர் பெருகவே, 1675 டிசம்பர் இறுதியில் மன்னர் இரண்டாம் சார்லஸ் காப்பிக்கடைகளையெல்லாம் மூட ஆணையிட்டார். எதிர்ப்பு எழுந்தது; சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார். மக்காவின் அதிகாரிக்கும் லண்டன் மன்னருக்கும் அச்சம் ஒன்றே. மனிதர்கள் ஒரு கோப்பையை முன்வைத்துக்கொண்டு சேர்ந்து உட்கார்ந்தால் பேசுவார்கள், பேசினால் நெருங்குவார்கள். கதையைக் கேட்ட கிழவர், “அப்படியானால் இந்த மேசையில் நீதான் பழைய குடி, நாங்கள்தாம் வந்தேறிகள்” என்றார்.

என் மனைவியை அழைத்துப்போக மேலும் ஓராண்டு ஆயிற்று. “சாராயக்கடைக்குள்ளயா தபாலாபீசு?” என்று கேட்டவளை மாற்றியது என் வாதமன்று, ஒரு கம்பளிப் பந்து. வியாழன் காலைகளில் பெண்கள் அங்கே கூடிக் கம்பளி பின்னுவார்கள். அவர்களில் மூத்த அம்மையார் ஒருவர் வீடு தேடி வந்து, எனக்குப் புதிய பின்னல் கற்றுத்தருவாயா என்று கேட்டார். கற்றுத்தரும் பணிக்கு அழைத்தால் மறுக்க மனம் வருமா? முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போனவள், பகல் லுஹர் நேரம் நெருங்கும்போது திரும்பிவந்து, பேச்சை நிறுத்தாமல் பேசினாள். அந்த ஆண்டுப் பெருநாளுக்கு அடுத்த வியாழனன்று வட்டிலாப்பம் அந்த மேசைக்குப் போயிற்று. முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து இப்படி ஆகுமா என்று அவர்கள் வியந்ததை அவள் எத்தனை பேரிடம் தொலைபேசியில் சொன்னாள் என்பதற்குக் கணக்கில்லை.

2018 பிப்ரவரி 25ஆம் நாள் உம்மா மவ்த்தாகிவிட்டார்கள். ஜனாஸாவைத் தாமதிக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு மறுநாள் நான் மட்டும் புறப்பட்டேன். நான் போனபின் கிழக்கேயிருந்து வந்த கடுங்குளிர் பிரிட்டனை மூடிற்று. பல இடங்களில் சாலைகளும் ரயில் பாதைகளும் பனியில் புதைந்ததைச் செய்திகளில் நீங்களும் படித்திருக்கலாம். எங்கள் பகுதி வீடுகளை வெதுவெதுப்பாக்குவது தொட்டியில் நிரப்பும் எண்ணெய். அது தீர்ந்துபோயிற்று, கொண்டுவரும் வண்டியால் மலையேற முடியவில்லை. என் மனைவி காய்ச்சலோடு போர்வைக்குள் கிடந்தாள். எனக்குக் கவலை தரக்கூடாதென்று தொலைபேசியில் எல்லாம் நலம் என்றே சொல்லிவந்தாள்.

மார்ச் 1, வியாழக்கிழமை. பனியிலும் நடந்துவந்த பெண்கள் கணப்பைச் சுற்றி அமர்ந்தபோது ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பதினொரு மணி வரை பார்த்திருக்கிறார்கள். பிறகு அந்த அம்மையாரும் கிழவரின் மகனும் டிராக்டரில் ஏறி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மூத்த அம்மையாரின் வீட்டில் மூன்று இரவுகள் என் மனைவி தங்கினாள். தொழுவதற்குத் திசை தெரியவேண்டும் என்று அவள் தயங்கிக் கேட்டபோது, மலைநடைக்கு வைத்திருந்த திசைகாட்டியோடு வந்து தென்கிழக்கைக் காட்டிக்கொடுத்தவர் அந்தக் கிழவர். நான் திரும்பிய பின் முதல் செவ்வாயன்று உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒருவரும் நீளமாக ஒன்றும் பேசவில்லை. அன்று என் முறை வந்தபோது என்னிடம் காசு வாங்கவில்லை.

அந்த இடத்தின் பயன் எனக்கு முழுமையாக விளங்கிய நாள் அது. நாம் போகும்போது வரவேற்பது எந்த நல்ல கடைக்காரரும் செய்கிற காரியம். நாம் போகாத நாளில் ‘ஏன் வரவில்லை?’ என்று ஓர் இடம் கேட்குமானால் அதுவே நம்முடைய இடம். பள்ளிவாசலின் முதல் வரிசையில் வழக்கமாக நிற்கும் பெரியவர் ஒரு வக்துக்கு வராவிட்டால் ஸலாம் கொடுத்ததும் திரும்பிப் பார்க்கிறோமே, அதே பார்வை.

2020 மார்ச் 20ஆம் நாள் இரவு, கொரோனாவினால் நாட்டின் பப்கள் அனைத்தையும் மூடச் சொன்னார்கள். இங்கிலாந்தில் ஜூலை 4 வரை கதவு திறக்கவில்லை. எங்கள் அம்மையார் அந்த இழப்பிலிருந்து மீளவில்லை. 2022இல் கட்டடத்தை விற்கப்போவதாக அறிவித்தார். வாங்குகிறவர் அதை விடுமுறை வீடாக்கிவிடுவார் என்று ஊர் அஞ்சியது. 2011ஆம் ஆண்டுச் சட்டமொன்று இங்கிலாந்தின் ஊர்களுக்கு ஓர் உரிமை தருகிறது. ஊருக்குப் பயன்படும் கட்டடம் என்று முன்னரே பதிவுசெய்திருந்தால், அது விற்பனைக்கு வரும்போது ஊரார் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கேட்கலாம். எங்கள் மாவட்டத்திலேயே ஹட்ஸ்வெல் என்ற சிற்றூரில் 2008இல் மூடிய பப்பை ஊர்மக்கள் பங்கு போட்டு வாங்கி 2010இல் திறந்தார்கள். நூலகமும் சிறு மளிகைக்கடையும் அதனுள்ளே வைத்தார்கள். அதை முன்மாதிரியாகக் கொண்டு எங்கள் ஊரும் பங்கு திரட்டத் தொடங்கிற்று.

படிவம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அன்றிரவு நானும் மனைவியும் நெடுநேரம் விழித்திருந்தோம். பனியில் வந்த டிராக்டர் ஒருபுறம். மது விற்ற வருவாயில் பங்கு மறுபுறம். ஊரிலுள்ள ஓர் ஆலிமைத் தொலைபேசியில் அழைத்தேன். “பங்கு வாங்குறது ஆகாது தம்பி. அண்டை வீட்டார் ஹக்கையும் விட்டுடக் கூடாது. ரெண்டையும் மறைக்காம அவங்ககிட்டயே சொல்லிடுங்க” என்றார் ஹஜ்ரத்.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து அப்படியே சொன்னேன். மதுவில் லாபம் பெற என் மார்க்கம் இடம் தராது. ஆனால் காலை நேரத்து அறைக்கு நான் கடன்பட்டவன் என்றேன். சிறிது நேரம் அமைதி. பிறகு, அஞ்சல் மேசைக்கும் நூலகத்துக்கும் தனிக்கணக்கு வைத்துவிடலாமே என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவ்வாறே தீர்மானமாயிற்று. நூலகத்தின் மர அலமாரிகள் எங்கள் குடும்பத்தின் அன்பளிப்பு. செவ்வாய்க்கிழமைகளில் புத்தகக் கணக்கு என் பொறுப்பு. 2023இல் கதவு மீண்டும் திறந்தது. பங்குதாரர் பெயர்ப்பலகையில் என் பெயர் இல்லை. காப்பி முறையில் இருக்கிறது.

இன்று நம் பிள்ளைகள் படிப்புக்கும் பிழைப்புக்குமாக உலகின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் போகிறார்கள். பள்ளிவாசலும் தமிழ்க்கடையும் உள்ள பெருநகரம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. சிற்றூரில் தனித்து விழுகிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஈமானைக் காத்துக்கொள்ள எண்ணுகிறார்கள். அல்லது ஊரோடு ஒட்டவேண்டுமென்று கையில் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அவ்வூரார் எங்கே கூடுகிறார்கள் என்று பாருங்கள். எந்த நேரத்தில், எந்த எல்லைக்குள் அங்கே போய் உட்காரலாம் என்று நீங்களே வரையறுத்துக்கொள்ளுங்கள். அந்த எல்லையை வெட்கப்படாமல் சொல்லுங்கள். உங்கள் முறை வரும்போது முந்திக்கொண்டு எழுந்து நில்லுங்கள். உங்கள் நாற்காலி காலியாயிருந்தால் கவனிக்கும் கண்கள் நான்கைந்து அங்கே இருந்துவிட்டால், அல்லாஹ் உங்களுக்கு அந்த ஊரில் ஒரு திண்ணையைத் தந்துவிட்டான் என்று ஷுக்ரு செய்யலாம்.